ஐடிஐ எலக்ட்ரீசியனா, மேஸ்திரியோடு வேலையா, பாலிடெக்னிக்கா? ஒரு செலவு வரவுக் கணக்கு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "பையனுக்குக் கரண்ட் வேலையில் ஆசை இருக்கு. ஐடிஐ சேர்க்கலாமா, இல்ல தெரிஞ்ச மேஸ்திரிகிட்ட விட்டுடலாமா? ரெண்டு வருஷம் வீணாப் போயிடாதே?" மீதிப் பாதி முப்பதைத் தொட்டவர்களிடமிருந்து வரும். "பத்து வருஷமா ஒயரிங் பண்றேன் அண்ணே. ஒரு கம்பெனியில கேட்லயே சர்டிபிகேட் கேட்டாங்க. இந்த வயசுல போய் பெஞ்சில உட்காரணுமா?"

நான் ஐடிஐ படித்தவன். கொஞ்ச காலம் ஒரு நூற்பாலையின் மின்பிரிவில் இருந்தேன், இப்போது சொந்தமாக ஒப்பந்த வேலை எடுக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் ஓரளவு தெரியும். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன். கணக்கு தமிழ்நாட்டு நிலவரத்துக்கானது.

## முதலில் ஒரு குழப்பம்

"சான்றிதழ்" என்று சொல்லும்போது ஆளுக்கொரு காகிதத்தை மனதில் வைத்திருக்கிறார்கள். ஐடிஐயில் இரண்டு ஆண்டு எலக்ட்ரீசியன் பிரிவில் படித்து, அகில இந்தியத் தொழில் தேர்வில் தேறினால் கிடைப்பது தேசியத் தொழில் சான்றிதழ். பேச்சுவழக்கில் என்டிசி, என்சிவிடி சர்டிபிகேட் என்பார்கள். நீங்கள் இதைப் படித்திருக்கிறீர்கள் என்பதற்கான சான்று அது, அவ்வளவுதான்.

மின் வேலை செய்ய அனுமதிக்கும் காகிதம் வேறு. தமிழ்நாட்டில் அதைத் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம். மின்கம்பி உதவியாளர், மின்கம்பியாளர், மேற்பார்வையாளர் என்று தகுதிச் சான்றிதழ்கள் படிப்படியாக உண்டு. அதற்கு மேலே ஒப்பந்தக்காரர் உரிமம். புதிதாக ஒயரிங் போடுவதையும் இருப்பதை மாற்றி அமைப்பதையும், உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலம், தகுதிச் சான்றிதழ் உள்ள ஆளின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45-வது விதி இதைத்தான் சொன்னது. இப்போது நடப்பில் இருக்கும் மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அதே வழியில்தான் போகின்றன. பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் மாற்றுவது மாதிரியான சின்ன வேலைகளுக்கு விலக்கு உண்டு.

ஊரில் எல்லாரும் இப்படியா வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் ஒரு விபத்து நடந்து மின் ஆய்வாளர் வந்து நிற்கும் நாளில் முதல் கேள்வி, "இது யார் செய்த வேலை, அவரிடம் என்ன இருக்கிறது?" என்பதாகத்தான் இருக்கும். அதனால் "ஐடிஐ முடித்தால் லைசென்ஸ் வந்துவிடுமா?" என்ற கேள்விக்குப் பதில்: தானாக வராது. விண்ணப்பத்தில் ஐடிஐ ஒரு தகுதியாகக் கணக்கில் வரும், அதற்கு மேல் அனுபவம் காட்ட வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

பெரும்பாலோர் கேட்பது ஃபீஸ் எவ்வளவு என்று. நான் அதைக் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

முதலில் பார்க்க வேண்டியது போகும் கூலி. படிக்கிற மாதங்களில் சம்பாதிக்காமல் விடும் பணம்தான் இந்தப் படிப்பின் உண்மையான விலை. இரண்டாவது, எந்தக் கதவு திறக்கும் என்பது. சில வேலைகளுக்குள் காகிதம் இல்லாமல் நுழையவே முடியாது, சில வேலைகளில் காகிதத்தை யாருமே கேட்க மாட்டார்கள். மூன்றாவது, கையில் என்ன ஏறும். நான்காவது, மேலே படிக்க நினைத்தால் வழி இருக்கிறதா, அல்லது அங்கேயே முட்டி நின்றுவிடுமா. இதெல்லாம் முடிந்த பிறகுதான் கைக்காசு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதவியாளுக்கு நாள் கூலி 500 ரூபாய், மாதம் 22 நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கூலி வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் 11,000, இரண்டு ஆண்டில் 2,64,000. அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கான புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாய் ஐடிஐ மாணவர்களுக்கும் உண்டு. இரண்டும் கிடைத்தால் 24 மாதத்துக்கு 42,000. கழித்தால் இழப்பு 2,22,000.

இந்த 2,22,000 எப்போது திரும்பி வரும்? சான்றிதழால் மாதம் 4,000 கூடுதலாகக் கிடைத்தால் நாலரை ஆண்டுக்கு மேல் ஆகும். 8,000 கூடுதலாகக் கிடைத்தால் இரண்டே கால் ஆண்டு. ஐடிஐ முடித்துவிட்டு மறுபடியும் அதே வீட்டு ஒயரிங்குக்கே வந்து, பாயிண்ட் கணக்கில் (ஒரு லைட், ஃபேன், பிளக் இணைப்புக்கு இவ்வளவு என்று) அதே ரேட்டுக்கு வேலை செய்தால் திரும்பி வரவே வராது. வீட்டுக்காரர் யாரும் "சர்டிபிகேட் காட்டு, பாயிண்டுக்கு இருபது ரூபாய் கூட்டித் தருகிறேன்" என்று சொல்வதில்லை.

அதே சமயம், பதினாறு வயதுப் பையனுக்கு யாரும் 500 ரூபாய் கூலி தருவதில்லை. நல்ல ஒப்பந்தக்காரர் 18 ஆகாதவனை ஏணியிலேயே ஏற்ற மாட்டார். ஆகவே பத்தாவது முடித்தவனுக்கு இந்த இழப்பு பாதிக்கும் கீழே. இருபத்தைந்து வயதில், கல்யாணம் ஆகி, தனியாக வேலை எடுத்து நாளுக்கு ஆயிரம் பார்ப்பவனுக்கு இதே இழப்பு இரண்டு மடங்கு. ஒரே படிப்புதான், வயதைப் பொறுத்து அதன் விலை மாறுகிறது.

## அரசு ஐடிஐ, எலக்ட்ரீசியன் பிரிவு

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, இரண்டு ஆண்டு. எட்டாவது மட்டும் முடித்தவர்களுக்கு ஒயர்மேன் பிரிவு இருக்கிறது, அதுவும் இரண்டு ஆண்டுதான். பயிற்சிக் கட்டணம் கிடையாது. சைக்கிள், பாடப்புத்தகம், வரைபடக் கருவி, சீருடை, ஷூ, பஸ் பாஸ் எல்லாம் இலவசம். டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் மேம்படுத்தியதால் சில இடங்களில் நாங்கள் கண்ணால் கூடப் பார்க்காத இயந்திரங்கள் இப்போது இருக்கின்றன.

இங்கே கிடைப்பதன் மதிப்பு எனக்கு நூற்பாலையில்தான் புரிந்தது. ஒரு மோட்டார் அடிக்கடி டிரிப் ஆகிக்கொண்டே இருந்தது. எங்களோடு இருந்த ஒருவர் இருபது ஆண்டு அனுபவக்காரர், கை சுத்தமான வேலைக்காரர். அவர் ஒவ்வொரு முறையும் ஓவர்லோடு ரிலேவை, அதாவது மோட்டார் அளவுக்கு மேல் ஆம்பியர் இழுத்தால் நிறுத்திவிடும் பாதுகாப்புக் கருவியை, ரீசெட் செய்து ஓட்டினார். மூன்றாவது தடவை செட்டிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்தார். ஐடிஐ முடித்து வந்திருந்த ஒரு பையன் ஒயரில் ஓடும் ஆம்பியரைக் காட்டும் கிளாம்ப் மீட்டரை எடுத்து மூன்று ஒயரிலும் மாட்டிப் பார்த்தான். இரண்டில் ஆம்பியர் எகிறி நின்றது, மூன்றாவதில் சுழி. ஒரு பேஸ் வராமல் மோட்டார் இரண்டு பேஸில் முக்கிக்கொண்டிருந்தது. செட்டிங்கை இன்னும் ஒரு தடவை ஏற்றியிருந்தால் காயில் கருகி ரீவைண்டிங்குக்குப் போயிருக்கும். ரிலே ஏன் விழுகிறது என்று கேட்கும் பழக்கம் அந்தப் பையனுக்கு வகுப்பறையில் வந்தது.

ஆனால் அதே பையனை ஒரு வீட்டு வேலைக்கு அழைத்துப் போனபோது, மூன்று பெண்டு உள்ள பைப்பில் ஸ்பிரிங் விட்டு ஒயர் இழுக்கத் தெரியாமல் அரை நாள் திண்டாடினான். மேஸ்திரியிடம் ஆறு மாதம் இருந்த இன்னொருவன் வந்து பத்து நிமிடத்தில் இழுத்துக் கொடுத்தான். வேகமும் பக்குவமும் ஐடிஐ சுவருக்குள் வருவதில்லை.

திறக்கும் கதவுகள்: மின் பகிர்மானக் கழகத்தின் கள உதவியாளர் வேலை. 2025-ல் டிஎன்பிஎஸ்சி 1,794 கள உதவியாளர் இடங்களை அறிவித்தது. ஐடிஐ இல்லாமல் அந்த விண்ணப்பத்தைத் தொடவே முடியாது. ரயில்வேயில் உதவி லோகோ பைலட், டெக்னீஷியன் பணிகள். பெல் (பிஎச்இஎல்), என்எல்சி, சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப் மாதிரி நிறுவனங்களில் பழகுநர் (அப்ரண்டிஸ்) இடங்கள். தொழிற்சாலைகளின் மெயின்டனன்ஸ் பிரிவு. வளைகுடா நாடுகள்.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால், முதலாவது பழகுநர் காலம். நிறையக் கம்பெனிகள் ஐடிஐயோடு ஓராண்டு அப்ரண்டிஸ் முடித்த ஆளைத்தான் கேட்கின்றன. 2019 திருத்தத்தில் ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். பெரிய நிறுவனங்கள் கூடத் தருவதுண்டு. நம் கணக்கில் உதவியாளின் 11,000-த்தை விட இது குறைவு, ஆக இழப்பு இரண்டு ஆண்டில் முடியாமல் மூன்றாவது ஆண்டுக்கும் நீள்கிறது. 1961-ம் ஆண்டின் பழகுநர் சட்டத்தில் பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி இல்லை. முடித்ததும் அங்கேயே வேலை தர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இருந்தும் நான் அந்த ஓராண்டைச் செய்யத்தான் சொல்வேன். ரயில்வே போன்ற இடங்களில் பழகுநர் முடித்தவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதோடு ஆலையின் பெரிய மின் பேனலின் (கட்டுப்பாட்டுப் பெட்டியின்) கதவைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது.

இரண்டாவது, அரசு வேலைக்காகக் காத்திருக்கும் ஆண்டுகள். இதை யாரும் செலவில் எழுதுவதில்லை. என்னோடு படித்த ஒருவன் மின்வாரிய அறிவிப்பு வரும் வரும் என்று ஐந்து ஆண்டு பாதி வேலையும் பாதி கோச்சிங்குமாக ஓட்டினான். அறிவிப்பு வந்தபோது அவன் கை தொழிலை மறந்திருந்தது. தேர்வு எழுதுங்கள், ஆனால் வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள்.

## தனியார் ஐடிஐ

சான்றிதழ் ஒன்றேதான், தேர்வும் ஒன்றேதான். வித்தியாசம் கட்டணத்திலும் பட்டறையிலும். ஆண்டுக்குச் சில பத்தாயிரங்கள் கைக்காசு போகும். நல்ல தனியார் ஐடிஐக்கள் இருக்கின்றன, சில ஆலைகளே நடத்துகிற இடங்களும் உண்டு. மோசமானவற்றில் "வாரத்துக்கு ரெண்டு நாள் வந்தா போதும், அட்டெண்டன்ஸ் நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். பகலில் கூலி வேலை, கையில் சர்டிபிகேட், இழப்பே இல்லை என்று தோன்றும். ஆனால் வேலைக்கு எடுக்கும் இடத்தில் ஒரு மெகரைக் கையில் கொடுத்து இன்சுலேஷன் பார்க்கச் சொன்னால் முகத்தைப் பார்த்து நிற்பார்கள். நானே அப்படி நான்கு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சேருவதற்கு முன் ஒரு வேலை நாளில், காலை பதினொரு மணிக்குச் சொல்லாமல் போய்ப் பட்டறையைப் பாருங்கள். பையன்கள் இருக்கிறார்களா, ஒயரிங் பலகையில் ஆணித் துளைகள் புதிதாக இருக்கின்றனவா, மோட்டார் மேல் விரல் வைத்தால் தூசி ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஐடிஐயின் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா, அது எலக்ட்ரீசியன் பிரிவுக்குத்தானா என்பதையும் கேளுங்கள். பிரிவின் பெயரில் ஒரு சொல் மாறினாலும் பிறகு அரசு விண்ணப்பத்தில் சிக்கும்.

## மேஸ்திரியோடு வேலை, பிறகு தகுதித் தேர்வு

இந்த வழியைக் குறைத்துப் பேசுபவர்களை எனக்குப் பிடிக்காது. தமிழ்நாட்டில் நின்றுகொண்டிருக்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒயர் இழுத்தவர்கள் இந்த வழியில் வந்தவர்கள்தான். முதல் ஆண்டு சுவர் கொத்துவதும் பைப் பதிப்பதும். அடுத்து ஒயர் இழுப்பது. அப்புறம் போர்டு கட்டுவது. வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியில் கை வைக்க மூன்று நான்கு ஆண்டு ஆகும். முதல் நாளிலிருந்தே கூலி உண்டு. வாடிக்கையாளரிடம் பேசவும், எஸ்டிமேட் போடவும், பாக்கி வசூலிக்கவும் இங்கேதான் கற்றுக்கொள்ள முடியும். ஐடிஐ பாடத்திட்டத்தில் பாக்கி வசூல் இல்லை.

காகிதம் வேண்டும் என்றால் இதிலிருந்தும் போகலாம். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு ஒயரிங்கில் ஐந்து ஆண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவமும், 21 வயது நிரம்பியிருப்பதும் போதும். மேல் வயது வரம்பு இல்லை. தேர்வு அரசு ஐடிஐக்களில் நடக்கும், செலவு சொற்பம். இன்னொரு வழியும் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை: தொழிலில் அனுபவம் உள்ளவர்கள் அகில இந்தியத் தொழில் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேறினால் கிடைப்பது ஐடிஐ மாணவருக்குக் கிடைக்கும் அதே தேசியத் தொழில் சான்றிதழ். அதற்கு முன் ஒரு முதனிலைத் தேர்வு வைப்பார்கள், எழுத்தும் செய்முறையும். முப்பது வயதில் போன் செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பக்கத்து அரசு ஐடிஐக்குப் போய், தனித்தேர்வர் அறிவிப்பு எப்போது என்று கேளுங்கள். பெஞ்சில் இரண்டு ஆண்டு உட்கார வேண்டியதில்லை.

இதன் மறைந்த செலவு அனுபவச் சான்றில் இருக்கிறது. ஐந்து ஆண்டு என்று வாயால் சொன்னால் போதாது, யாராவது எழுதித் தர வேண்டும். உங்கள் மேஸ்திரிக்கே உரிமம் இல்லையென்றால் அவர் கையெழுத்துக்கு மதிப்பில்லாமல் போகலாம். எனவே யாரிடம் சேர்வது என்பதுதான் இந்த வழியில் மிகப் பெரிய முடிவு. உரிமம் உள்ள ஒப்பந்தக்காரரிடம் நாளுக்கு ஐம்பது ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் அவரிடமே சேருங்கள்.

தவறான பழக்கமும் இந்த வழியில் அப்படியே பரம்பரையாக வரும். எர்த் ஒயரை இழுத்துவிட்டு எங்கும் இணைக்காமல் மடக்கி வைப்பது, ஏசிக்கு 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர் வேண்டிய இடத்தில் 2.5 போடுவது, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுப்பது. மேஸ்திரி செய்தார், நானும் செய்தேன் என்பார்கள். 30 மில்லியாம்பியர் கசிவுக்கு அது விழுவதே ஆளைக் காப்பாற்றத்தான் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

இன்னொன்று: 2023-ல் வந்த பிஎம் விஸ்வகர்மா திட்டத்தில் கருவிப் பணம் கிடைக்கும் என்று நம்பிப் பலர் கேட்கிறார்கள். அதில் இருக்கும் 18 தொழில்களில் எலக்ட்ரீசியன் இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வழி கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது. எந்த மேஸ்திரியும் சேர்த்துக்கொள்வதில்லை, சேர்த்தாலும் சைட்டில் கழிப்பறை கூட இருக்காது. ஐடிஐ அல்லது டிப்ளமோ முடித்து பேனல் ஒயரிங் செய்யும் கம்பெனிகளில் சேர்பவர்கள் நன்றாக இருக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் சான்றிதழின் மதிப்பு ஆண்களை விடக் கூடுதல் என்றே சொல்வேன்.

## பாலிடெக்னிக், ஈஇஇ (மின் மற்றும் மின்னணுப் பொறியியல்) டிப்ளமோ

பத்தாவது முடித்து மூன்று ஆண்டு. ஐடிஐ இரண்டு ஆண்டு முடித்தவர்களுக்கு நேரடி இரண்டாம் ஆண்டு உண்டு, டிப்ளமோ முடித்தால் பொறியியலில் நேரடி இரண்டாம் ஆண்டு உண்டு. மேலே போகும் ஏணி இதில்தான் ஒழுங்காக இருக்கிறது. அனுபவம் சேர்த்து மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழுக்குப் போக வசதியான படிப்பும் இதுதான். ஒப்பந்தக்காரர் உரிமம் எடுத்து, பத்துப் பேரை வைத்துத் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு இது நல்ல அடித்தளம்.

டிப்ளமோ ஐடிஐயை விடப் பெரிது, ஆகவே ஐடிஐ வேலைக்கெல்லாம் விண்ணப்பிக்கலாம் என்று நினைப்பது பெரிய தவறு. ஜம்மு காஷ்மீர் மின்துறையின் டெக்னீஷியன் பணிக்கு, பத்தாவதோடு ஐடிஐ என்று தகுதி கேட்டிருந்தார்கள். டிப்ளமோ படித்தவர்கள் எங்களையும் எடுங்கள் என்று வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2018 டிசம்பரில் வந்த தீர்ப்பு அவர்களுக்கு எதிராகத்தான் இருந்தது. டிப்ளமோவுக்குள் ஐடிஐ அடங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, தகுதியை முடிவு செய்வது வேலை கொடுப்பவர் உரிமை என்றது நீதிமன்றம். உதவி லோகோ பைலட் போன்ற சில பணிகளில் டிப்ளமோவையும் ஏற்கிறார்கள். ஒவ்வொரு அறிவிக்கையிலும் தகுதி எப்படி எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் பாருங்கள்.

மறைந்த செலவு அரியர். கணக்குப் பாடத்தில் தடுமாறும் பையனை மூன்று ஆண்டுப் படிப்பில் தள்ளினால் அது நான்கு, ஐந்து என்று இழுக்கும், முடிக்காமலே விட்டு வந்தால் கையில் எதுவும் இருக்காது. அதோடு டிப்ளமோ முடித்தவனுக்கு ஏணி ஏறக் கூச்சம் வந்துவிடுகிறது. எல்லாரையும் சொல்லவில்லை, ஆனால் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன்.

## மூன்று மாதக் குறுகிய பயிற்சி

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 2015-ல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டம் போன்றவற்றில் கிடைக்கும் உதவி எலக்ட்ரீசியன் சான்றிதழ், ஐடிஐக்கு மாற்று ஆகாது. அரசு வேலைக்கோ மின் உரிம வாரியத்தின் தகுதிச் சான்றிதழுக்கோ அதை வைத்துக்கொண்டு போய் நிற்க முடியாது. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர் மேலே ஒரு படி சேர்த்துக்கொள்ளப் பயன்படும். உதாரணமாக, தேசிய சூரிய ஆற்றல் நிறுவனத்தின் சூர்யமித்ரா பயிற்சி இலவசம். 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருவதால் கூரை மேல் வேலை கூடியிருக்கிறது. ஐடிஐயோடு சேர்ந்தால் நல்லது, தனியாக என்றால் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | அரசு ஐடிஐ | தனியார் ஐடிஐ | மேஸ்திரி வழி | டிப்ளமோ |
|---|---|---|---|---|
| காலம் | 2 ஆண்டு, பழகுநர் 1 ஆண்டு சேர்த்தால் 3 | அதேதான் | தேர்வுக்கு 5 ஆண்டு அனுபவம் | 3 ஆண்டு, ஐடிஐ முடித்தவருக்கு 2 |
| கைக்காசு | கிட்டத்தட்ட இல்லை | ஆண்டுக்குச் சில பத்தாயிரங்கள் | கருவிகள் மட்டும் | அரசில் குறைவு, தனியாரில் அதிகம் |
| போகும் கூலி | உண்டு, உதவித்தொகையில் கொஞ்சம் குறையும் | உண்டு | இல்லை | எல்லாவற்றிலும் அதிகம் |
| நன்றாகத் திறப்பது | மின்வாரியம், ரயில்வே, ஆலை, வெளிநாடு | அதேதான், பயிற்சி ஒழுங்காக இருந்தால் | வீடு, கடை, சொந்த வேலை | மேற்பார்வை, ஒப்பந்தம், மேல்படிப்பு |
| கவனிக்க வேண்டியது | அறிவிப்புக்காகக் காத்திருக்கும் ஆண்டுகள் | வருகை மட்டும் போடும் இடங்கள் | அனுபவச் சான்று, கெட்ட பழக்கம் | அரியர், ஐடிஐ பணிகளில் தகுதிச் சிக்கல் |

## யாருக்கு எது

பத்தாவது முடித்த பதினாறு வயதுப் பையனுக்கு அரசு ஐடிஐயில் இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். அந்த வயதில் இழப்பு குறைவு, திறக்கும் கதவுகள் அதிகம். லீவு நாட்களில் ஒரு மேஸ்திரியோடு அனுப்புங்கள், ஒயர் இழுக்கும் பக்குவமும் சேர்ந்து வரும். அரசு ஐடிஐ கிடைக்காமல் பக்கத்தில் நல்ல தனியார் ஐடிஐயும் இல்லையென்றால், ஓராண்டு உரிமம் உள்ளவரிடம் வேலை செய்துவிட்டு அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிப்பது, மோசமான இடத்தில் பணம் கட்டுவதை விட மேல்.

கணக்கில் எண்பதுக்கு மேல் எடுப்பவன், வீட்டில் மூன்று ஆண்டு தாங்க முடியும் என்றால் டிப்ளமோ. மின்வாரிய லைன்தான் கனவு என்றால், மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் ஐடிஐயை முதலில் முடித்துவிட்டு அப்புறம் நேரடி இரண்டாம் ஆண்டு டிப்ளமோ போகலாம். ஓராண்டு கூடுதல், ஆனால் இரண்டு வரிசையிலும் நிற்கலாம்.

இருபத்தைந்தைத் தாண்டி, வீட்டு வேலை நன்றாக ஓடுகிறவர் ஐடிஐக்குப் போக வேண்டாம். தகுதிகாண் தேர்வோ தனித்தேர்வோ எழுதுங்கள். ஆலை வேலைக்கு மாற நினைத்தால் தனித்தேர்வு, சொந்த வேலையைச் சட்டப்படி ஆக்க நினைத்தால் தகுதிகாண் தேர்வு.

வெளிநாடு போக நினைப்பவருக்கு ஐடிஐயும் இரண்டு மூன்று ஆண்டு ஆலை அனுபவமும் நல்ல சேர்க்கை. வளைகுடாவுக்கு ஆள் எடுக்கும்போது பைப் வளைக்கச் சொல்வார்கள், டிபி கட்டச் சொல்வார்கள், வரைபடத்தைக் கையில் கொடுப்பார்கள். முதல் இரண்டும் மேஸ்திரி கற்றுத் தந்தது, மூன்றாவது ஐடிஐ கற்றுத் தந்தது. பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கலாம் என்று அரசு வைத்திருக்கும் உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்பவரிடம் கொடுத்துவிட்டு அதைப் படிப்புச் செலவில் எழுதாதீர்கள்.

எந்த வழியில் போனாலும் ஒரு சின்ன வேலை உண்டு, நான் செய்யத் தவறியது. சேர்க்கைப் படிவத்தில் பெயர், இனிஷியல், அப்பா பெயர், பிறந்த தேதி நான்கும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலும் ஆதாரிலும் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே சரிபாருங்கள். என் சான்றிதழில் இனிஷியல் முன்னால் வர வேண்டியது பின்னால் போய்விட்டது. அதைத் திருத்த எட்டு மாதம் அலைந்தேன், அதற்குள் ஒரு அப்ரண்டிஸ் அழைப்பு கைவிட்டுப் போனது. இப்போது இணையத்தில் இறக்கிக்கொள்ளும் சான்றிதழ்தான், ஆனால் சேரும்போது என்ன எழுதினீர்களோ அதுவேதான் அதிலும் வரும்.